இரண்டு ஏக்கர் நிலம், நாளொன்றுக்கு 1,500 லிட்டர் தண்ணீர்: கோடை மழையே இல்லாத ஊரில் என்ன பயிரிடலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலையடிவாரத்தில், அமடோர் கவுண்டிப் பக்கம் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இரண்டு ஏக்கர் சரிவு நிலம் வாங்கியிருக்கிறீர்கள். ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கிறது. வீட்டுச் செலவு போகக் கோடையில் நாளொன்றுக்கு 1,500 லிட்டர்தான் தோட்டத்துக்கு மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 750 மி.மீ. அளவில் மழை பெய்கிறது, ஆனால் மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை என்று சொல்லும்படி எதுவுமில்லை. கும்பகோணம் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த உங்களுக்கு இது விளங்காத கணக்காக இருக்கிறது. தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர்களின் பட்டியல் ஒன்று தரும்படி கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைக் கடைசியில் தொடுகிறேன். அதற்கு முன் நீங்கள் அறிய வேண்டியவை இரண்டு: இந்தத் தண்ணீர் கோடையில் எத்தனை சென்ட் நிலத்தைத் தாங்கும், உங்கள் மண் எவ்வளவு ஆழம். இவற்றுக்கு விடை தெரியாமல் எந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டாலும் ஆகஸ்ட் மாதத்தில் கருகிய செடிகளைத்தான் பார்ப்பீர்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். கிள்ளிகுளத்தில் வேளாண்மை படித்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே மலையடிவாரத்தில் சிறு பண்ணைகளுக்கு நீர்ப்பாசனம் அமைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். நான் இங்கு வந்தபோது கல்லூரிப் படிப்பைவிடக் கைகொடுத்தது எங்கள் ஊர் மானாவாரி வெள்ளாமைதான். ஐப்பசி மழையில் விதைத்து, மார்கழியோடு மழை ஓய்ந்த பிறகு கரிசல் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலும் பனியிலும் கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் பருத்தியும் விளைகிற ஊர் அது. பெய்த மழையை மண்ணுக்குள் சேர்த்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கிற அந்தப் பழக்கம்தான் இங்கேயும் பிழைக்கும் வழி. டெல்டாவில் வளர்ந்தவருக்குத் தண்ணீர் என்றால் கண்ணுக்குத் தெரிகிற பொருள், வாய்க்காலில் ஓடும், வயலில் நிற்கும். இங்கே அது கண்ணுக்குத் தெரியாது. இந்த மாற்றம் மனத்துக்குள் நடக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

மத்தியதரைக் கடல் தட்பவெப்பம் என்பது உலகில் ஐந்து இடங்களில்தான் இருக்கிறது: அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள், கலிபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் முனை, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்பது பாடப்புத்தக வரையறை. உழவன் பார்வையில் அதன் பொருள் வேறு. பயிர் தண்ணீரைக் கேட்காத மாதங்களில் மழை கொட்டுகிறது, பயிர் தவிக்கும் மாதங்களில் ஒரு துளியும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் நன்றாக வளர்ந்த புல்வெளிகூட நாளொன்றுக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான் தண்ணீரை ஆவியாக்கும். ஜூலையில் அதே புல்வெளிக்கு ஏறத்தாழ 7 மி.மீ. வேண்டும். இந்த எண்கள் ஊகமல்ல. கலிபோர்னியா அரசின் நீர்வளத் துறையும் டேவிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1982-இல் தொடங்கிய சிமிஸ் என்ற வானிலை நிலைய வலைப்பின்னல் இவற்றை நாள்தோறும் அளந்து இலவசமாக வெளியிடுகிறது. உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவும் காற்றும் பொறுத்துச் சற்றே மாறும், பெரிதாக மாறாது.

இப்போது உங்கள் 1,500 லிட்டரை இந்த எண்ணோடு பொருத்திப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். ஜூலையில் இலை மூடி நிற்கும் தக்காளிக்கோ கத்தரிக்கோ சதுர மீட்டருக்கு ஏழு லிட்டர் வேண்டும். சொட்டுநீரிலும் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் எட்டு லிட்டர். 1,500-ஐ எட்டால் வகுத்தால் 187 சதுர மீட்டர், அதாவது நான்கரை சென்ட். உங்களிடம் இருப்பது 200 சென்ட். கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் காய்கறிக்கே கொடுத்தாலும் நிலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் கோடையில் பச்சையாக நிற்கும். நான் முதலில் சந்திக்கும் ஒவ்வொரு பண்ணையிலும் இந்த வகுத்தலைத்தான் தாளில் போட்டுக் காட்டுகிறேன். பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் இதை ஏற்றுக்கொண்டவர்கள்தான் பத்து ஆண்டு கழித்தும் பயிர் செய்துகொண்டிருக்கிறார்கள். மீதி 195 சென்ட் தரிசு என்று நினைத்துவிட வேண்டாம், அவை குளிர்காலத்துக்கும் ஆழ வேர் மரங்களுக்கும் உரியவை.

அடுத்தது மண். 750 மி.மீ. மழையில் எவ்வளவு உங்கள் நிலத்தில் தங்கும் என்பதை மழை தீர்மானிப்பதில்லை, மண்ணின் ஆழம் தீர்மானிக்கிறது. நல்ல வண்டல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 150 மி.மீ. தண்ணீரைப் பயிர் உறிஞ்சக்கூடிய நிலையில் பிடித்துக்கொள்ளும், மணல் என்றால் அதில் பாதிதான். உங்கள் பகுதியில் பலகைப் பாறை மேல் படிந்த செம்மண் பல இடங்களில் 60 செ.மீ.க்கு மேல் போகாது. அப்படியானால் உங்கள் மண் என்னும் தொட்டியின் கொள்ளளவு 90 மி.மீ. மட்டுமே. அது நிரம்பிய பிறகு பெய்வதெல்லாம் சரிவில் ஓடும் அல்லது பாறை இடுக்கில் இறங்கும். ஏப்ரல் நடுவில் கடைசி மழை பெய்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தேவை நாளொன்றுக்கு நான்கரை மி.மீ. தொண்ணூறை அதால் வகுத்தால் இருபது நாள். மலைச்சரிவுப் புல் மே நடுவில் பொன்னிறமாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கணக்கின் விடைதான். பக்கத்திலேயே சிதைந்த கருங்கல் மண் ஆழமாக இறங்கும் இடங்களும் உண்டு. அமடோரில் 19-ஆம் நூற்றாண்டில் நட்ட சின்ஃபண்டெல் திராட்சைக் கொடிகள் இன்றும் காய்ப்பது அப்படிப்பட்ட நிலங்களில்தான். மழையும் வெயிலும் இரண்டு இடத்துக்கும் ஒன்றே, தொட்டியின் ஆழம்தான் வேறு.

ஆகவே நிலத்தின் பெரும்பகுதியை மழையோடு ஓடவிடுங்கள். அக்டோபர் முடிவில் அல்லது நவம்பரில் முதல் நல்ல மழை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஓர் உழவு மழை, விழுந்ததும் பூண்டு, வெங்காயம், பட்டாணி, அகலப் பயறு (ஃபாவா பீன்ஸ்), கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றை விதைக்கலாம். பூண்டு ஜூன் மாதம் கைக்கு வரும். ஏப்ரல், மே மாதங்களில் மூன்று, நான்கு முறை தண்ணீர் காட்டினால் போதும், கிணறு அப்போது நிறைவாகத்தான் இருக்கும். கொண்டைக்கடலையை உங்கள் உயரத்தில் ஜனவரி நடுவுக்கு மேல் விதைப்பது நல்லது என்பது என் அனுபவம், ஈரம் மிகுந்த டிசம்பரில் கருகல் நோய் வந்து அடித்துவிடும். உருளைக்கிழங்கு மார்ச் தொடக்கத்தில் ஊன்றி ஜூனில் தோண்டலாம். கொத்தமல்லி, வெந்தயம், பசலை, முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் குளிர்காலச் செல்வங்கள். கோவில்பட்டிக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே மார்கழியிலும் பயிர் வளரும். இங்கே டிசம்பர், ஜனவரியில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான், வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். அதனால் குளிருக்கு முன் வேர் பிடித்த செடிதான் மார்ச்சில் பாய்ந்து வளரும். நவம்பர் கடைசியில் போட்ட கீரை விதை ஜனவரி முழுவதும் இரண்டு இலையோடு குந்தியிருக்கும்.

இதனால் செப்டம்பர் மாதத்துக்கு ஒரு தனி முக்கியத்துவம் வந்துவிடுகிறது. கிணறு அடியில் இருக்கும், மண் சுடும், எல்லோரும் சோர்ந்துபோகும் மாதம் அது. குளிர்காலச் செடிகளுக்கு நாற்று விட வேண்டியதும் அப்போதுதான். ஒரு மேசை அளவு இடத்தில், நிழல் வலைக்குக் கீழே, தட்டுகளில் முட்டைக்கோஸும் வெங்காயமும் விட்டுவைத்தால் நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்குமேல் ஆகாது. அக்டோபர் நடுவில் பாத்தியை ஒருமுறை நனைத்து நட்டுவிட்டால், பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இந்தப் பத்து லிட்டரைச் சேமிக்கப் பார்த்துக் குளிர்காலத்தை இழக்கிறார்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது வசந்தகாலப் புல்லைப் பற்றி. மார்ச்சில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் காட்டு ஓட்ஸ் அழகாக இருக்கும், மண்ணில் ஈரமும் இருக்கும், ஆபத்து எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் நட்ட ஆலிவ் கன்றுகள் இரண்டு வரிசை இருந்தன. ஒரு வரிசையில் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குப் புல்லைச் செதுக்கி மரத்தூள் மூடாக்குப் போட்டிருந்தோம். மற்ற வரிசைக்கு ஆள் கிடைக்கவில்லை, ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று மே வந்துவிட்டது. மே கடைசியில் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். விரல் பருமனில் ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி அது. ஈரம் இருக்கும்வரை கை அழுத்தத்துக்கு இறங்கும், காய்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். செதுக்கிய வரிசையில் கம்பி முழங்கால் ஆழத்துக்கும் மேல் இறங்கியது. மேலே ஒரு சாண் மண்ணைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை உடையாமல் நின்றது, விரல் ரேகை பதிந்தது. புல் நின்ற வரிசையில் கம்பி நான்கு விரற்கடைக்கு மேல் அசையவில்லை. தோண்டி எடுத்த மண் கட்டியாக வந்து, அழுத்தியதும் மாவாக உதிர்ந்தது. இரண்டு வரிசைக்கும் ஒரே மழைதான் பெய்தது. ஒரு வரிசையின் தண்ணீரைப் புல் குடித்துவிட்டது. அந்தக் கோடையில் இறந்த கன்றுகள் எந்த வரிசையில் என்று சொல்லத் தேவையில்லை. மார்ச் முடிவதற்குள் களை எடுப்பதுதான் உங்கள் ஆண்டின் மிகப்பெரிய பாசனம். அதற்குப் பம்பு ஓட வேண்டியதில்லை.

மரங்களுக்கு வருகிறேன். ஆலிவ், அத்தி, மாதுளை, திராட்சை, சீன இலந்தை ஆகிய ஐந்தும் உங்கள் இடத்துக்குத் தயக்கமில்லாமல் சொல்லக்கூடியவை. இலந்தை நம் ஊர்ப் பழம்போல் புளிக்காது, பேரீச்சையும் ஆப்பிளும் கலந்த சுவை, வெயிலுக்கும் குளிருக்கும் அசையாது. இலையுதிர்ப்பவற்றை ஜனவரி, பிப்ரவரியில் வேர்க்கன்றாக, அதாவது வேரில் மண்ணில்லாமல் விற்கும் கன்றாக, நடுங்கள். ஆலிவ் இளமையில் உறைபனிக்கு அஞ்சும், அதனால் பிப்ரவரி கடைசியில் நடலாம். முதல் கோடையில் கன்றுக்கு வாரம் 30, 40 லிட்டர் போதும். அறுபது கன்றுக்குக் கணக்கிட்டால் சராசரியாக நாளொன்றுக்கு 300 லிட்டர் ஆகும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் அளவைக் கூட்டி இடைவெளியை நீட்டுங்கள். தினம் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், பத்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் ஈரத்தைத் தேடி இறங்கும்.

இடைவெளி என்பதும் ஒரு பாசன முறைதான். துனீசியாவில் ஸ்ஃபாக்ஸ் நகரைச் சுற்றி ஆண்டுக்கு 200 மி.மீ. மழையில் ஆலிவ் தோப்புகள் நிற்கின்றன. எப்படி என்றால், மரத்துக்கு மரம் 24 மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்குப் பதினேழு மரம். ஒரு மரத்துக்கு 576 சதுர மீட்டர் நிலத்தில் விழும் மழை, ஏறத்தாழ 1,15,000 லிட்டர். மண் ஆழமான மணல், மழை கீழே இறங்கி வெயிலுக்கு எட்டாமல் இருந்துவிடும். அங்கே உழவர்கள் இடைநிலத்தில் ஒரு புல்லைக்கூட விடுவதில்லை. நீங்கள் ஏழு மீட்டர் இடைவெளியில் நட்டால் 750 மி.மீ. மழையில் ஒரு மரத்தின் நிலத்தில் 36,000 லிட்டருக்கும் மேல் விழும். ஆனால் மண் 60 செ.மீ. என்றால் அதில் 4,400 லிட்டர்தான் தங்கும். மழை உங்களுக்கு ஸ்ஃபாக்ஸைவிட மூன்று மடங்குக்கும் அதிகம், கிடங்கு அவர்களிடம்தான் பெரிது. மண் ஆழம் குறைந்த இடத்தில் எட்டு, ஒன்பது மீட்டர் இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். வேர்கள் பக்கவாட்டில் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

மரங்களுக்கு 300 லிட்டர், கிணறு தளர்ந்தால் தாங்குவதற்கு இன்னொரு 300 லிட்டர் ஒதுக்கினால் காய்கறிக்கு 900 லிட்டர் மிஞ்சும், மூன்று சென்டுக்கும் சற்றுக் குறைவான இடம். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். அந்த மூன்று சென்டை வீட்டுக்கு அருகில், பிற்பகல் நிழல் விழும் இடத்தில் வையுங்கள். தட்டைப்பயறு, எங்கள் பக்கம் தட்டாம்பயறு, முதலிடம் பெறும். ஆழ வேர், வறட்சியைத் தாங்கும் குணம், சான் வாக்கின் பள்ளத்தாக்கில் இதைக் கோடைப் பயிராகவே செய்கிறார்கள். வெண்டை, தண்டுக்கீரை, கம்பு, சோளம் இவையும் வெயிலை விரும்புபவை. தண்டுக்கீரையும் கம்பும் சோளமும் அதே தண்ணீரில் மற்றப் பயிர்களைவிட அதிகமாக வளரும் வகையைச் சேர்ந்தவை, இது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. கத்தரியும் மிளகாயும் தாக்குப்பிடிக்கும், ஆனால் தொடர்ந்து கொடுக்க வேண்டும். தக்காளியில் காய் பிடித்த பிறகு தண்ணீரைச் சிறிது குறைத்தால் சுவை கூடும், ஒழுங்கில்லாமல் விட்டு விட்டுக் கொடுத்தால் காயின் அடி கறுத்து அழுகும். 35 டிகிரிக்கு மேல் நாட்கள் தொடர்ந்தால் பூ உதிரும், அதைத் தண்ணீரால் சரிசெய்ய முடியாது, நிழல் வலைதான் உதவும். பரங்கி, தர்பூசணி ஆகியவற்றை ஏப்ரல் நடுவில், சேமித்த ஈரத்தில், இரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு ஊன்றலாம்.

மூடாக்கு போடுவதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை, வைக்கோலோ மரத்தூளோ ஒரு சாண் உயரம் வேண்டும். ஆனால் உங்கள் பகுதி காட்டுத்தீப் பகுதி. வீட்டைச் சுற்றி 30 மீட்டர் வரை எரியக்கூடியவற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சுவரை ஒட்டி வைக்கோல் பரப்பாதீர்கள், அந்த இடத்துக்குச் சரளைக் கல்லே போதும். பானைப் பாசனத்தை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவைத்தால் சுற்றியுள்ள நான்கு செடிக்குக் கசிந்துகொண்டே இருக்கும். சில பத்துச் செடிகளுக்கு அருமையான முறை, அதற்கு மேல் நிரப்பும் வேலை மாளாது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவற்றைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பக்கம் நட்டபிறகு பாசனமே இல்லாமல் விளையும் தக்காளி புகழ்பெற்றது. அதைப் படித்துவிட்டுப் பலர் அடிவாரத்தில் முயன்று நட்டமடைகிறார்கள். அங்கே கோடைக் காலையில் கடல் மூடுபனி வந்து நிற்கும், நாளின் தேவை இங்குள்ளதில் ஏறத்தாழ பாதி, மண்ணும் ஆழம். உங்கள் இடத்தில் அது 60 செ.மீ. மண்ணில் நடக்காது. ஒன்றரை மீட்டர் ஆழ மண் வாய்த்தால் சிறு அளவில் முயன்று பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மேல்மண்ணைக் கிளறித் தூளாக்கி ஈரத்தைக் காப்பது வெடிக்கும் கரிசலில் உண்மையாகவே உதவுகிறது, வெடிப்புகள் மூடப்படுகின்றன. சரிவுச் செம்மண்ணில் அதன் பயன் களை ஒழிவதால் வருகிறதா, தூளால் வருகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம், மண் அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

தொழு உரம் போட்டால் மண் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடிக்கும் என்று எங்கும் எழுதுகிறார்கள். உரம் நல்லது, மழை மண்ணுக்குள் இறங்க உதவுகிறது, நானும் போடுகிறேன். ஆனால் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். உலகெங்கும் செய்த அளவீடுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மண்ணில் கரிமம் ஒரு விழுக்காடு கூடினால் ஒவ்வொரு 100 மி.மீ. மண்ணுக்கும் பயிருக்குக் கிடைக்கும் நீர் சராசரியாக ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான் கூடியது. ஓர் அடி மேல்மண்ணுக்கு மூன்றரை மி.மீ. ஜூலையில் அரை நாள் தேவை. ஒரு விழுக்காடு கூட்டுவதற்கே பல ஆண்டு உழைப்பு வேண்டும். சமமட்டக் கோட்டில் வரப்புப் போட்டால் மரத்துக்குத் தண்ணீரே வேண்டாம் என்பவர்களிடமும் எனக்கு இதே தயக்கம்தான். வரப்பு ஓடும் நீரை நிறுத்தும், மண் அரிப்பைத் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே ஜனவரியில் நிரம்பிவிட்ட 60 செ.மீ. தொட்டியில் மேலும் ஊற்ற முடியாது. பாறை மேல் களிமண் கிடக்கும் செங்குத்துச் சரிவில் தண்ணீரைத் தேக்குவது மண் சரிவுக்கும் வழிவிடும், அங்கே ஒரு பொறியாளரைக் காட்டாமல் வெட்டாதீர்கள்.

மழைநீர்த் தொட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூரை நீரைப் பிடிக்க இங்கே நீர் உரிமம் வேண்டாம், 2012-இல் அதற்கென்றே சட்டம் வந்தது. 200 சதுர மீட்டர் கூரையில் 60 மி.மீ. மழைக்கே 10,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். பிறகு குளிர்காலம் முழுவதும் வழிந்துகொண்டிருக்கும், தோட்டத்துக்கோ அப்போது தேவையில்லை. கோடையின் 150 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 67 லிட்டர். தீயணைக்கக் கையிருப்பாகவும், பம்பு பழுதானால் ஒரு வாரம் தாங்கவும் தொட்டி அவசியம், ஆனால் பாசனத்துக்கு அது பெரிய வழியல்ல. அந்தப் பணத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தின் நீரை மரங்களுக்குத் திருப்பினால் பலன் அதிகம். ஒரு துவைப்புக்கு 60 முதல் 100 லிட்டர் வரை வரும், வாரம் ஐந்து துவைப்பு என்றால் பத்துக் கன்றுக்கு ஆயிற்று. எளிய அமைப்புக்கு மாநில விதிகளில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, எனினும் கவுண்டி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சோடியமும் போரானும் இல்லாத சோப்பு வேண்டும், அந்த நீர் மூடாக்குக்குக் கீழேதான் இறங்க வேண்டும், கீரைக்கும் கிழங்குக்கும் கூடாது.

முருங்கையைப் பற்றி நம்பிக்கையூட்ட எனக்கு மனம் வரவில்லை. உறைபனியில் தண்டு அடியோடு கருகும், வேரை மூடிவைத்தால் சில ஆண்டுகளில் மறுபடி துளிர்க்கும், சில ஆண்டுகளில் இல்லை. கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிரில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். கிணற்றைப் பற்றி நான் சொல்லக்கூடியதற்கும் எல்லை உண்டு. உங்களுடையது பாறை வெடிப்பில் ஊறும் கிணறு, பக்கத்து வீட்டுக் கிணறு எப்படி இருந்தாலும் உங்களுடையதற்கு அது சான்றாகாது. 2012 முதல் 2016 வரையும் 2020 முதல் 2022 வரையும் நீடித்த வறட்சிகளில் நான் நம்பியிருந்த கிணறுகள் சிலவும் பாதியாக இறங்கின. 1,500 லிட்டர் என்பது மே மாதத்து அளவு என்றால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில், தேவை உச்சத்திலிருந்து இன்னும் அதிகம் இறங்காத நாட்களில், ஒரு வாரம் தொடர்ந்து அளந்த எண்தான் உங்கள் எண். அது 1,000 என்று வந்தால் காய்கறியை ஒன்றரை சென்ட் அளவுக்குச் சுருக்குங்கள், மரங்களின் பங்கில் கைவைக்க வேண்டாம். காய்கறியை அடுத்த ஆண்டு மீண்டும் போடலாம், ஆறு வயது அத்தி போனால் ஆறு ஆண்டும் போகும்.

முதல் மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சரிவின் மேலே, நடுவே, கீழே மூன்று இடங்களில் கடப்பாரையால் குழி எடுங்கள். பாறையோ இறுகிய களியோ தட்டும்வரை தோண்டி ஆழத்தை அளந்து, அடியில் கிடக்கும் மண்ணை ஒரு பிடி நனைத்து விரலால் பிசைந்து பாருங்கள்: நாடாவாக நீள்கிறதா, மணலாக நறநறக்கிறதா என்று. கீழ்ச்சரிவுக் குழி பெரும்பாலும் ஆழமாக வரும், ஆனால் குளிர்ந்த காற்று தேங்கி உறைபனி விழுவதும் அங்கேதான். அதனால் அங்கே அத்தியையும் திராட்சையையும் வைத்து, ஆலிவை நடுச்சரிவுக்கு ஏற்றலாம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன். மூன்று அளவுகளையும் ஆகஸ்ட் மாதத்துக் கிணற்று அளவையும் இங்கேயே எழுதுங்கள். நடுச்சரிவுக் குழி 50 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் மேலே சொன்ன அறுபது கன்றை முப்பத்தைந்தாகக் குறைத்து, இடைவெளியைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.